பவானி சொன்னது

ஆகஸ்ட் 7, திங்கள்

ராஜசேகரை இந்த வாரத்துக்குள் கொன்றுவிடச் சொல்லிவிட்டார்கள்.

காரணம் வழக்கமானதுதான். அந்த வேஷத்தில் நடிப்பவருக்கு ஹைதராபாத்தில் சினிமா கிடைத்துவிட்டது. இனி சீரியலுக்குத் தேதி தர மாட்டாராம். வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். "போன வருஷம் தங்கச்சிக்காரியை அனுப்பினோமே ரேணு, அவ இன்னும் ஃப்ளைட்டை விட்டே இறங்கலை" என்றார் டைரக்டர் சற்குணம். ஆகவே லாரி விபத்து. புதன்கிழமை உடல் வீட்டுக்கு வரும். அவன் மனைவி பவானி அழுகிற காட்சிகளுக்கு நாளை மாலைக்குள் நான் வசனம் அனுப்ப வேண்டும்.

இந்த ராஜசேகர், கதை தொடங்கியதிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது பவானியை அறைகிறவன். அறை விழுந்த வாரங்களில் ரேட்டிங் ஏறும். அதற்குச் சேனலிலிருந்து ஒரு நாளும் ஆட்சேபம் வந்ததில்லை.

டயரியும் இன்றுதான் வாங்கினேன். ஆகஸ்டில் டயரி கேட்டு வருகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைக்காரர் அடுக்கின் அடியிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். கல்லூரியில் படித்த நாட்களில் எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டேன். இதை மேஜை மேலேயே வைத்திருக்கிறேன்.


ஆகஸ்ட் 8, செவ்வாய்

காலையில் அத்தைக்கு பிரஷர் மாத்திரை வாங்கப் போய், கூடவே ஒரு கிலோ பீன்ஸ், அரைக் கட்டு முருங்கைக்கீரை. மத்தியானம் முழுக்க எழுத்து.

முதலில் வழக்கமானதை எழுதினேன். 'என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே.' இதை இதுவரை எத்தனை விதவைகளுக்கு எழுதியிருப்பேன் என்று தெரியாது. கை தானாக ஓடும். பிறகு எழுந்து போய் பீன்ஸ் நறுக்கினேன். நறுக்கி முடித்து வந்து அதை அழித்துவிட்டு வேறு எழுதினேன்.

பவானியின் அம்மா சொல்கிறாள்: "அழுதுடுடி. வாய்விட்டு அழுதுடு."

பவானி: "அழுகை வரலைம்மா. நிம்மதியா இருக்கும்மா."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எழுதுகிறவர்களுக்கு அப்படி வருவது உண்டு. இன்னொரு முறை படிக்காமல் அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அத்தை கேட்டார், "இன்னிக்கு என்ன எழுதினே?"

"ராஜசேகர் செத்துட்டான் அத்தை."

"அடப்பாவமே. நல்லா நடிப்பானே. என்ன வியாதி?"

"லாரி."

"உங்க ஆளுங்களுக்கு லாரியை விட்டா வேற ஒண்ணும் தெரியாதா?" என்றார். கதையை யாரிடமும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் மாமியாரிடம் அந்த ஒப்பந்தம் செல்லாது.


ஆகஸ்ட் 9, புதன்

வளசரவாக்கத்தில் ஷூட்டிங். வசனம் எழுதுகிறவள் போகவேண்டிய அவசியம் இல்லை. போனேன்.

எங்கள் வேலையில் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. நேரம் ஏது? கேமராவுக்குப் பக்கத்தில் ஜெபராஜ் நின்றுகொண்டு வரிவரியாகச் சத்தமாகப் படிப்பார். அவர்கள் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வார்கள். அந்தச் சத்தமெல்லாம் பிறகு டப்பிங்கில் போய்விடும். ஜெபராஜ் இருபது வருஷமாக ப்ராம்ப்டிங் செய்கிறவர். காதல் வசனத்தையும் சாபத்தையும் ஒரே குரலில், ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவது போலப் படிப்பார். அதற்கு உணர்ச்சி போட்டுக்கொள்வது நடிகர்கள் பாடு.

பவானியாக நடிக்கும் நித்யகலா மூக்கு சிவக்க கிளிசரின் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஜெபராஜ் படித்தார்: "அழுகை வரலைம்மா. நிம்மதியா இருக்கும்மா." அவள் ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, அவர் படித்த அதே குரலில், எதையும் சேர்க்காமல் சொன்னாள்.

டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார். மேக்கப் செய்கிற அம்மாள் கையில் பஞ்சை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இன்னொண்ணு போலாமா சார்?" என்று நித்யகலாதான் கேட்டாள்.

"வேணாம். இதுவே இருக்கட்டும்."

இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடம், இந்த வரி விடுவாங்களா?"

"ஏன் விடமாட்டாங்க?"

"சும்மா கேட்டேன்." காபி டம்ளரைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். "உங்க சுண்டுவிரல் என்ன மேடம், இப்படி வளைஞ்சிருக்கு?"

"கதவுல நசுங்கிடுச்சு."

"ஓ" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல பெண்.


ஆகஸ்ட் 10, வியாழன்

மழை. ஷூட்டிங் ரத்து. கையிருப்பில் எபிசோடு இல்லை என்று டைரக்டர் புலம்பல்.


ஆகஸ்ட் 11, வெள்ளி

சேனலில் எங்கள் சீரியலைப் பார்த்துக்கொள்ளும் கிஷோர் போன் செய்தார். முப்பது வயது இருக்கும். ரொம்ப மரியாதையான பையன். எதை வெட்டினாலும் 'சாரி மேடம்' சொல்லித்தான் வெட்டுவார்.

"மேடம், சூப்பர் சீன். எங்க டீமே அழுதுட்டோம். அந்த ஒரு வரி மட்டும் வேணாம் மேடம்."

"எந்த வரி?"

"நிம்மதி."

"அதுல என்ன கிஷோர் இருக்கு?"

"புருஷன் பாடி ஹால்ல கிடக்குது மேடம். ஃபேமிலி ஆடியன்ஸ். மனசு புண்படும்."

"மூணு வருஷமா அடிச்சானே, அப்ப புண்படலையா?"

"அது கேரக்டர் மேடம்" என்றார்.

மறுபடி எடுக்க நேரமில்லை. நாளை ஏழரைக்கு ஒளிபரப்பாக வேண்டும். டப்பிங்கில் வேறு வரி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். 'அவர் இல்லாம எப்படி வாழ்வேன்' என்று அவர்களே ஒன்று யோசித்தும் வைத்திருந்தார்கள். அது பொருந்தாது. க்ளோஸப் காட்சி. வரி முடியும்போது அவள் உதடு 'ம்மா'வில் மூடித் திறக்கிறது. உதட்டசைவுக்குத் தகுந்த வரியை நான்தான் சொல்ல வேண்டும். அது என் வேலை. யூனிட்டில் அதற்காகவே என்னைக் கூப்பிடுவார்கள். மதுக்கடைப் பெயரை மருந்துக்கடையாக்கியிருக்கிறேன். ஒரு மந்திரியின் ஊரை வேறு ஊராக்கியிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது.

"அரைமணி நேரம் கொடுங்க" என்றேன்.

அரைமணி தேவைப்படவில்லை. போனை வைத்ததுமே வந்துவிட்டது: 'நெஞ்சடைக்குதும்மா.' கச்சிதமாக உட்காரும். 'நெ'யில் தொடங்கி 'ம்மா'வில் முடிகிறது.

துணி காயப்போட மாடிக்குப் போனேன். கிளிப் மாட்டினேன். என் வீட்டுக்காரர் நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் நான் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தேன். அனுப்பும் முன் அவர் படிப்பார். கோபமெல்லாம் படமாட்டார். வேண்டாத இடத்தில் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். கோடு போட்டதை நான் எடுத்துவிட வேண்டும். 'இதைப் படிச்சா நம்ம வீட்டைப் பத்தின்னு நினைப்பாங்க' என்பார். போகப்போக, பென்சிலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. சீரியலுக்கு மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அதில் யாரும் யாரையும் தேட மாட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

கிஷோர் மறுபடி கூப்பிட்டார். "வந்துச்சா மேடம்?"

"வரலை" என்றேன்.

"உங்களுக்கா வரலை?"

"ஆமா. வரலை."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது குரலில் தெரிந்தது. "அப்ப சத்தத்தை எடுத்துடறோம் மேடம். வேற வழியில்லை. மேலே கேட்டா, ரைட்டர் ஒத்துழைக்கலைன்னுதான் நான் சொல்லணும்."

"சொல்லிக்குங்க."

போனை வைத்தேன். ராத்திரி தோசைக்கு இரண்டு பச்சைமிளகாய் அதிகமாகவே போட்டுச் சட்னி அரைத்தேன். இந்த வீட்டில் இப்போது காரம் சேர்த்துக்கொள்ளலாம்.


ஆகஸ்ட் 12, சனி

ஏழரை மணி. அத்தை டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்கிறார்.

பவானியின் அம்மா, "வாய்விட்டு அழுதுடு" என்றாள். பவானி, "அழுகை வரலைம்மா" என்றாள். பிறகு உதடு அசைந்தது. சத்தம் இல்லை. பின்னணி இசையைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். தெருவில் ஒரு ஆட்டோ போனது கேட்டது.

"டிவி கெட்டுப்போச்சா?" என்றார் அத்தை. உடனே அடுத்த வசனம் சத்தமாக வந்துவிட்டது. "இல்லையே. அவ என்னடி சொன்னா?"

"தெரியல அத்தை."

"நீதானே எழுதினே?"

"கடைசி நேரத்துல மாத்திட்டாங்க."

என்னைத் திரும்பிப் பார்த்தார். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் அவர் மகனின் படம், நேற்று போட்ட மாலையோடு. வருகிற மூன்றாம் தேதி முதல் வருஷத் திதி. பெற்றவளிடம் நான் எப்படி அந்த வரியைச் சொல்வது? சமையலறைக்குப் போய், ஏற்கெனவே துடைத்த அடுப்பைத் துடைத்தேன்.


ஆகஸ்ட் 14, திங்கள்

சேனல்காரர்கள் யூடியூபில் எபிசோடைப் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே ஊரே கூடிவிட்டது. சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

'என்ன சொன்னானு யாராவது சொல்லுங்கப்பா, சோறு எறங்கல.'

'கெட்ட வார்த்தைதான். வாயப் பாத்தாலே தெரியுது.'

'தாலிய அறுத்து எறிவேன்னு சொன்னா. ஷூட்டிங் பாத்தவங்க சொன்னாங்க.'

'ஒழிஞ்சான்னு சொல்லிருப்பா. எங்க அக்கா சத்தியம் பண்றா.'

நடுவில் ஒன்று: 'எங்க வீட்டுக்காரர் போனப்ப நான் மனசுக்குள்ள சொன்னதைத்தான் சொல்லிருப்பா. என்னன்னு எழுத மாட்டேன். எம் மவன் இதே போன்லதான் படம் பாப்பான்.'

அதன் கீழே வேறு ஒருத்தி: 'புரிஞ்சுது அக்கா.' அதன் கீழே இன்னொருத்தி: 'எனக்கும்.' அப்படியே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. யாருமே என்னவென்று எழுதவில்லை.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. நிதானமாகத் துடைத்தேன்.


ஆகஸ்ட் 17, வியாழன்

தாலியை அவமதித்ததாக ஏதோ ஒரு சங்கம் போலீஸில் மனு கொடுத்திருக்கிறதாம். பவானி சொல்லாத வார்த்தைக்கு.

டைரக்டர் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "ரேணு, மேலே ரொம்பக் கோபமா இருக்காங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வேற ரைட்டரைப் பாக்கலாம்னு பேச்சு. நீங்க ஒரு வார்த்தை, தப்பா எழுதிட்டேன்னு மெயில் போட்டுட்டா நான் பேசிப் பாக்கறேன்."

"வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேன் சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வருஷக்கணக்கான பழக்கம். வீட்டில் கலந்துகொள்ள இப்போது யார்? அத்தை ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

இந்த வேலை போனால் வேறு கிடைப்பது கஷ்டம். 'ஒத்துழைக்காதவள்' என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் இந்த ஊரில் அது போகாது. மெயிலைத் திறந்து உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய' என்று அடித்தேன். அடுத்த வார்த்தையை அடிக்கவில்லை. கணினியை மூடிவிட்டு அத்தையோடு கீரை ஆய்ந்தேன்.


ஆகஸ்ட் 18, வெள்ளி

மெயில் போடவில்லை. டைரக்டருக்கு 'தப்பா எழுதலை சார்' என்று மெசேஜ் மட்டும் அனுப்பினேன். பதில் இல்லை. புளி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.


ஆகஸ்ட் 21, திங்கள்

கிஷோர் நேரில் வந்துவிட்டார். வீடு தேடி வருவது இதுதான் முதல் முறை. அத்தை காபி கொடுத்தார்.

"மேடம், நாங்க வெட்டின வரியை விட மோசமா நூறு வரி சுத்துது. ஒருத்தன் மிமிக்ரி வேற பண்ணிப் போட்டிருக்கான். காது கொடுத்துக் கேக்க முடியலை. லீகல்ல கேட்டாங்க, அப்படி அவ என்னதான் சொன்னான்னு. ஒரிஜினலைப் போட்டுக் காட்டினோம். 'அட, இதானா?'ன்னுட்டாங்க."

"அப்புறம்?"

"மனு கொடுத்தவங்களுக்குக் காட்டணும்ல. அதனால புதன்கிழமை எபிசோடுல அந்த சீனைச் சத்தத்தோட மறுபடி போடறோம். பவானி நினைச்சுப் பாக்கற மாதிரி." காபியை ஒரு மடக்கு குடித்தார். "யோசிச்சுப் பாத்தா சாதாரண வார்த்தைதானே மேடம்? இதுல என்ன இருக்கு?"

"இதைத்தான் நான் அன்னிக்கு உங்ககிட்டக் கேட்டேன்."

சிரித்துவிட்டார். பாவம், அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவருக்கும் மேலே இன்னொருவர். "ரைட்டர் மாத்தற பேச்சு இல்லை மேடம். நீங்களே எழுதுங்க. என்ன, லாரி மட்டும் இனிமே வேணாம்."

அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். ஒரு வாரமாகத் தோளைத் தூக்கியே வைத்திருந்திருக்கிறேன், இறக்கிய பிறகுதான் தெரிந்தது.

அப்புறம்தான் உறைத்தது. புதன்கிழமை அத்தையும் பார்ப்பார்.


ஆகஸ்ட் 23, புதன்

இன்று மட்டும் அத்தையை எங்காவது அழைத்துப் போய்விடலாமா என்று யோசித்தேன். கோயிலுக்கு, கண் டாக்டரிடம். கேபிள் ஒயரைப் பிடுங்கி வைக்கவும் நினைத்தேன். நானும் கிஷோரும் ஒன்றுதான்.

ஒயரைத் தொடவில்லை. ஏழரைக்கு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நிம்மதியா இருக்கும்மா" என்றாள் பவானி. டப்பிங் பேசிய பெண்ணும் உணர்ச்சி எதுவும் சேர்க்காமல்தான் பேசியிருந்தாள். விளம்பரம் வந்தது.

அத்தை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். "இதைத்தான் அன்னிக்கு எடுத்துட்டாங்களா?"

"ஆமா அத்தை."

"நீ எழுதினதா? இல்ல அவங்க சொல்லி எழுதினதா?"

"நானே எழுதினது."

"கதைக்காக எழுதினியா?"

'ஆமாம், கதைக்காகத்தான்' என்றால் முடிந்தது. அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இல்ல அத்தை" என்றேன்.

டிவியில் யாரோ குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும், "பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தேன் இத்தனை வருஷமும்" என்றார். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும் ரேணு."

ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன்.

"எழுந்து வரணும்னு தோணும். வந்தா உனக்கு இன்னும் ரெண்டு சேத்து விழும்னு படுத்துக்குவேன். அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்." புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "ஆனா எம் புள்ளைடி அவன். அஞ்சு வயசுல மஞ்சக்காமாலை வந்து செத்துப் பொழச்சவன்."

"தெரியும் அத்தை."

அழுதார். அவர் மகனுக்காக அவர் அழுவதைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். சீரியல் முடிந்து செய்தி வந்துவிட்டது. இருவரும் அதையும் பார்த்தோம்.

மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தேன். 9ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். விரலை வளைத்தது கதவு இல்லை.


ஆகஸ்ட் 24, வியாழன்

காலையில் அத்தை பேசவில்லை. மத்தியானம், ரசத்தில் உப்பு இல்லை என்றார். அப்பாடா.


செப்டம்பர் 3, ஞாயிறு

திதி. ஐயர் போன பிறகு சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் பரிமளா விழுப்புரத்திலிருந்து முதல் நாளே வந்துவிட்டாள். காலையிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு நான் உள்ளே வந்ததும் ஆரம்பித்தாள். "அண்ணி, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அண்ணன் படத்துக்கு முன்னாடி ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே நீங்க. சீரியல்லதான் அப்படி எழுதறீங்கன்னு பாத்தா, வீட்டுலயும் அதானா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

ஒரு பெரியப்பா செருமினார். எனக்குச் சொல்ல வார்த்தை இருந்தது. ஆனால் பன்னிரண்டு பேருக்கு முன்னால், அத்தை அங்கே உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்ல மனம் வரவில்லை. 'களைப்பா இருக்கு பரிமளா' என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அத்தை பேசினார். சத்தமெல்லாம் போடவில்லை. ஜெபராஜ் படிப்பது மாதிரிதான் சொன்னார்.

"அவளை அழச் சொல்லாதே பரிமளா. எனக்குப் புள்ளை, நான் அழுதுக்கறேன். அவளுக்கு அழறதுக்கு ஒண்ணும் இல்லை. அது உனக்கும் தெரியும், இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். போய் இலையைப் போடு."

பரிமளா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு போய் இலையைப் போட்டாள்.

நான் எல்லாருக்கும் பரிமாறினேன். வாழைக்காய் வறுவல் கொஞ்சம் கருகியிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. கடைசிப் பந்தியில் அத்தையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பரிமளாதான் எங்களுக்குப் பரிமாறினாள். பாயசம் நன்றாக வந்திருந்தது. இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.